வளைவைத் திருத்துவோம்! வாழ்வைக் காப்போம்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் ஒருவர்)

சாலைகள் ஒரு நாட்டின் இரத்த நாளங்கள் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். நெல்லும் பருத்தியும், கடிதமும் மருந்தும், படிக்கப் போகும் பிள்ளையும் பிழைக்கப் போகும் பெரியவரும் அந்த நாளங்கள் வழியாகத்தான் ஓடுகிறார்கள். உவமை அழகானது. ஆனால் நம் நாட்டில் அந்த உவமை கொடூரமான முறையில் உண்மையாகிவிட்டது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் மாண்டனர். ஒரு நாளைக்கு 462 பேர். ஒரு மணி நேரத்துக்கு 19 பேர். நாம் ஒரு வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டு எழுந்து வருவதற்குள் நம் வகுப்பில் பாதிப் பேருக்குச் சமமான உயிர்கள் போய்விடுகின்றன. அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் பெற்ற மாநிலம் எது தெரியுமா? 64,105 விபத்துகளுடன் நம் தமிழகம்தான்! பல துறைகளில் முதலிடம் பெற்றுப் பெருமை கொள்ளும் நாம், இந்த முதலிடத்தை நினைத்துத் தலைகுனிய வேண்டாமா?

இந்தப் பெரிய எண்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பெரிய எண்கள் நம்மைப் பெருமூச்சு விட வைக்கும்; செயலுக்குத் தூண்டா. ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்திலேயே இருக்கும் இடம், நம்மில் பலர் பேருந்தில் கடந்து செல்லும் இடம், தொப்பூர்க் கணவாய்.

கணவாயின் கதை

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் பெருவழியில், மேட்டு நிலமாகிய பாராமகால் முடிந்து சேலத்துச் சமவெளிக்கு இறங்கும் படிக்கட்டுதான் தொப்பூர்க் கணவாய். ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்துப் படைகள் இறங்கிய வழி அது. குதிரைக்கும் வண்டிமாட்டுக்கும் ஏற்றவாறு மலையின் மடிப்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து அமைந்த வழி. இன்று அதே மடிப்புகள் வழியாகத்தான் ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இறங்குகிறது. ஏழாம் எண் நெடுஞ்சாலை என்று நம் தந்தையர் அறிந்திருந்த அதே சாலை. வடக்கே விளையும் வெங்காயமும், ஆந்திரத்துச் சிமென்டும், பெங்களூரின் இயந்திரங்களும் தெற்கே வருவது இந்த வழியாகத்தான்.

குதிரை இறங்கிய வழியில் நாற்பது டன் லாரி இறங்குகிறது. சாலை அகலமானது, போவதற்கும் வருவதற்கும் தனித்தனிப் பாதைகள் வந்தன. ஆனால் மலையின் சரிவு மாறவில்லை. வளைவுகள் முற்றாக நீங்கவில்லை. விளைவு என்ன? 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், சிமென்ட் ஏற்றி வந்த ஒரு லாரி கட்டுக்கடங்காமல் இறங்கி, முன்னால் இருந்த வண்டிகள் மீது வரிசையாக மோதியது. பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின, நால்வர் உயிரிழந்தனர். 2024-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், இரட்டைப் பாலத்தின் அருகே லாரிகளும் கார்களும் மோதிக்கொண்டன. ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது. கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்துப் பதைத்தது. இவை செய்தித்தாளில் முதல் பக்கத்துக்கு வந்தவை. உள்பக்கத்தில் இரண்டு அங்குலச் செய்தியாக வந்து போனவற்றுக்குக் கணக்கில்லை. கட்டமேடு, இரட்டைப் பாலம் என்ற பெயர்களைக் கேட்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் தாய்மார்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

குற்றவாளி யார்?

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் இரண்டு விதமான தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. ஒன்று டீக்கடைத் தீர்ப்பு: “அந்த இடத்தில் காத்து கருப்பு இருக்கிறது, காவு கேட்கிறது.” இன்னொன்று காகிதத் தீர்ப்பு: “ஓட்டுநரின் கவனக்குறைவால் வாகனம் கட்டுப்பாட்டை இழந்தது.” முதல் தீர்ப்பைப் படித்தவர்கள் மூடநம்பிக்கை என்று சிரித்து ஒதுக்கிவிடுகிறோம். நல்லது. ஆனால் இரண்டாவது தீர்ப்பை மட்டும் ஏன் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம்?

இங்கே நான் நடுநிலையாளன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு லாரி ஓட்டுநரின் மகன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கிளீனராகப் பதினைந்து வயதில் வண்டியேறிய என் தந்தை, இருபத்தைந்து ஆண்டுகள் ஸ்டீயரிங் பிடித்து என்னை இங்கே அனுப்பியிருக்கிறார். அவர் எத்தனை முறை அந்தக் கணவாயில் இறங்கியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. ஆஞ்சநேயர் கோயிலைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, உடனே கியரைக் குறைத்துவிடுவார். “சாமி பாத்துக்கும், ஆனா கியரை நாமதான் போடணும்” என்பது அவர் வாக்கு.

எங்கள் ஊரைச் சேர்ந்த இன்னொரு ஓட்டுநர் அவரைப் போலவே கவனமானவர். ஆயினும் ஒரு மழை இரவில் வேறொரு நெடுஞ்சாலை வளைவில் மாண்டுபோனார். அவர் வீட்டுக்கு வந்த காகிதங்களிலும் “கவனக்குறைவு” என்றே இருந்தது. மறுத்துச் சொல்ல அவர் உயிரோடு இல்லை. அந்த வளைவில் எச்சரிக்கைப் பலகை இருந்ததா, சாலையில் தண்ணீர் தேங்கி நின்றதா, ஓரத்துத் தடுப்பு எத்தனை நாளாக உடைந்து கிடந்தது என்று யாரும் எழுதவில்லை. காகிதத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்திருந்தால் எழுதியிருப்பார்களோ என்னவோ! ஆனால் அந்த ஒரு வாக்கியம், பின்னால் இழப்பீடு கேட்டு நடந்தபோதெல்லாம் அவர் மனைவியின் குறுக்கே வந்து நின்றது. ஆகவே “கவனக்குறைவு” என்பது வெறும் சொல் அல்ல. ஒரு குடும்பத்தின் சோறு.

ஓட்டுநர்கள் தவறே செய்வதில்லை என்று நான் வாதாடவில்லை. செய்கிறார்கள். தூக்கம் கண்ணைச் சுழற்ற ஓட்டுகிறார்கள். மது அருந்தி ஓட்டுபவர்களும் உண்டு. ஆனால் எண்ணிப் பாருங்கள்: தமிழ்நாட்டுக்காரர், ஆந்திரக்காரர், வடநாட்டுக்காரர் என்று ஊர் ஊராக ஓட்டுநர்கள் மாறுகிறார்கள், லாரி, பேருந்து, கார் என்று வண்டிகள் மாறுகின்றன, ஆண்டுகள் மாறுகின்றன. இடம் மட்டும் மாறுவதில்லை. பத்து மாணவர்கள் ஒரே கணக்கில் தவறினால் மாணவர்களைக் கண்டிக்கலாம். நூறு மாணவர்கள் ஒரே கணக்கில் தவறினால் வினாத்தாளைத்தானே பார்க்க வேண்டும்?

வளைவு பேசும் கணக்கு

இனி வினாத்தாளைப் பார்ப்போம். இதற்கு நாம் முதலாண்டில் படித்த வட்ட இயக்கமே போதும். வளைவில் திரும்பும் எந்தப் பொருளையும் உள்நோக்கி இழுக்க ஒரு விசை வேண்டும். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லுக்குக் கயிறு அந்த விசையைத் தருகிறது. வண்டிக்குக் கயிறு ஏது? டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வும், சாலையின் வெளிப்புற விளிம்பை உயர்த்திக் கட்டும் சாய்வும்தான் அதன் கயிறு. வேகத்தின் வர்க்கத்தை, 127 என்ற எண்ணாலும் வளைவின் ஆரத்தாலும் வகுத்தால் கிடைப்பதே அந்த வளைவு கேட்கும் விலை. சாய்வும் உராய்வும் சேர்ந்து அந்த விலையைக் கொடுத்தாக வேண்டும். (இங்கே வேகம் மணிக்குக் கிலோமீட்டரில், ஆரம் மீட்டரில்.)

நம் நாட்டுச் சாலைகளுக்கு இலக்கணம் வகுக்கும் அமைப்பு 1934-இல் தோன்றிய இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். சமவெளியில் சாய்வு நூற்றுக்கு 7 பங்கை மிஞ்சக் கூடாது. பனி பெய்யாத மலைப்பகுதியில் 10 வரை போகலாம். பக்கவாட்டு உராய்வாக 0.15-க்கு மேல் நம்பக் கூடாது என்பது அதன் விதி. ஆக 7 சதவீதச் சாய்வில் சாலை பத்திரமாகக் கொடுக்கக்கூடிய விலை 0.22. 230 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் வளைவு கேட்பதும் ஏறத்தாழ 0.22. சரியாக இருக்கிறது.

அதே வளைவில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்? வேகம் கால் பங்குதான் கூடியது. வளைவு கேட்கும் விலையோ 0.34! ஒன்றரை மடங்குக்கும் மேல். மழையில் நனைந்து, டயர் தேய்ந்து, சாலை மழுங்கியிருந்தால் கொடுக்க வேண்டிய உராய்வு கையில் இல்லை. வண்டி வழுக்குகிறது. உயரமாக லோடு ஏற்றிய லாரியோ வழுக்கும் முன்பே கவிழ்ந்துவிடுகிறது. அதன் புவியீர்ப்பு மையம் அவ்வளவு மேலே இருக்கிறது.

அப்படியானால் சாய்வை இன்னும் உயர்த்திக் கட்டிவிடலாமே என்று தோன்றும். முடியாது. நம் சாலையில் 100 கிலோமீட்டர் வேகக் காரும் போகிறது. ஏற்றத்தில் முக்கி முனகும் லோடு லாரியும் போகிறது. சாய்வு அதிகமானால் மெதுவாகச் செல்லும் வண்டி உள்பக்கம் சாயும். ஆகவே சாய்வுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் இரண்டே வழிகள்: ஒன்று, ஆரத்தைப் பெரிதாக்க வேண்டும், அல்லது வண்டிகள் வளைவுக்கு வருமுன்பே வேகத்தைக் குறைக்கும்படி செய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக இரண்டரை விநாடி ஆகும் என்று பொறியியலார் கணக்கிடுகிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரண்டரை விநாடிக்குள் வண்டி 55 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தையும் சேர்த்தால் குறைந்தது 120 மீட்டர் தூரம் சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. இறக்கத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும். வளைவின் உள்பக்கம் ஒரு புதரோ பாறையோ விளம்பரப் பலகையோ மறைத்தால், அந்த மறைப்புக்கு அப்பால் பழுதாகி நிற்கும் லாரியை ஓட்டுநர் எப்படிக் காண்பார்? கண்ணைக் கட்டிவிட்டு, “ஏன் பார்க்கவில்லை?” என்று கேட்பது என்ன நியாயம்?

இறக்கம் பேசும் கணக்கு

தொப்பூரில் வளைவு தனியாக இல்லை. இறக்கத்தோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறது. கணக்குக்காக நாற்பது டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அது இழக்கும் நிலை ஆற்றல் ஏறத்தாழ நான்கு கோடி ஜூல். இந்த ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டுமே? பிரேக் பிடிக்காவிட்டால் வேகமாக மாறும். காற்றின் தடையையும் சக்கரத்தின் உராய்வையும் கழிக்காமல் பார்த்தால் மணிக்கு 160 கிலோமீட்டர்! பிரேக் பிடித்தால் வெப்பமாக மாறும். சுமார் 127 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். அத்தனையும் பிரேக் டிரம்மிலும் லைனிங்கிலும் இறங்குகிறது. சூடு ஏற ஏற லைனிங்கின் பிடிப்பு குறைகிறது. ஓட்டுநர் இன்னும் அழுத்துகிறார்; இன்னும் சூடாகிறது; கடைசியில் மிதி கீழே போகிறது, வண்டி நிற்பதில்லை. “பிரேக் பிடிக்கவில்லை” என்று உயிர் பிழைத்த ஓட்டுநர் சொல்வது பல வேளைகளில் பொய் அல்ல; இயற்பியல்.

இதற்கு மருந்து, ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குவது. இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். இதை மூத்த ஓட்டுநர்கள் அறிவார்கள். ஆனால் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் ஏராளம். இது தற்கொலைக்குச் சமம் என்பதோடு, கணக்கிலும் தவறு. கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால், சக்கரமே இஞ்சினைச் சுற்றுகிறது. இன்றைய டீசல் இஞ்சின்களில் எரிபொருள் செல்வது அப்போது நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ இஞ்சின் தானே ஓடிக்கொண்டிருக்க டீசல் குடித்துக்கொண்டேயிருக்கும். அதுமட்டுமா? இஞ்சின் மெதுவாக ஓடுவதால், அடிக்கடி பிரேக் மிதிக்கும்போது செலவாகும் காற்றழுத்தத்தை ஏர் பிரேக் டாங்கியில் உடனுக்குடன் நிரப்பவும் முடிவதில்லை. மிச்சம் பிடிப்பதாக நினைத்து உயிரைச் செலவழிக்கிறார்கள்.

சரி, ஏன் மிச்சம் பிடிக்கிறார்கள்? “இத்தனை லிட்டரில் போய்வர வேண்டும், மிஞ்சினால் உனக்கு, குறைந்தால் உன் கூலியில் பிடிப்பேன்” என்று கணக்குப் பேசி அனுப்பும் முதலாளிகள் இருக்கும் வரையில் ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஓட்டுநரின் கால் பிரேக்கில் இருக்கிறது. அந்தக் காலின் மேல் இன்னொருவர் கணக்குப் புத்தகம் உட்கார்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியவை

தொப்பூர்க் கணவாயில் 6.6 கிலோமீட்டர் தூரத்துக்கு உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. அதை மனமார வரவேற்கிறேன். அதுவே நிலையான தீர்வு. ஆனால் மலையில் தூண் எழுப்பிப் பாலம் கட்டுவது ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலை. அந்த ஆண்டுகளின் ஒவ்வோர் இரவிலும் லாரிகள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். “பெரிய வைத்தியர் வருகிறார்” என்று சொல்லிச் சின்ன வைத்தியத்தை நிறுத்திவைத்தால் நோயாளி தாங்குவாரா? மேலும் தமிழகத்தின் எல்லா வளைவுகளுக்கும் பாலம் கட்டிவிட முடியாது. ஆகவே குறைந்த செலவில், எங்கும் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பார்வை. வளைவின் உள்பக்கத்துப் புதர்களையும் பலகைகளையும் அகற்ற வேண்டும். அரிவாளும் நான்கு ஆட்களும் போதும். வளைவின் வெளிப்புறத்தில் திசை காட்டும் அம்புக்குறிப் பலகைகளை, ஓட்டுநரின் கண்ணுக்கு எப்போதும் இரண்டு மூன்று தெரியும்படி வரிசையாக நட வேண்டும். இரவில் ஒளிரும் பொட்டுகள் சாலை ஓரத்திலும் நடுவிலும் வேண்டும்.

இரண்டாவது, பிடிப்பு. மழுங்கிய சாலைப் பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். வளைவில் தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும். சாய்வு தவறாக இருந்தால், அடுத்த முறை தார் போடும்போதே வெளிப்புறத்தை உயர்த்திச் சரிசெய்துவிடலாம். தார் எப்படியும் போடப்போகிறோம். கணக்குப் பார்த்துப் போடுவதற்குக் கூடுதல் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

மூன்றாவது, வேகத்தைத் தணித்தல். அதிர்வுக் கோடுகளை வளைவுக்குள் போடாமல் வளைவுக்கு நெடுந்தூரம் முன்பே போட வேண்டும். திரும்பும் வண்டியைக் குலுக்கினால் இருக்கும் பிடிப்பும் போய்விடும்.

நான்காவது, இறக்கம் தொடங்குமுன் ஒரு நிறுத்தம். கனரக வண்டிகள் ஒதுங்கி நின்று பிரேக்கும் டயரும் பார்த்துக்கொண்டு, கியர் மாற்றிக்கொண்டு இறங்க ஓர் அகலமான இடம் வேண்டும். அங்கே ஒரு டீக்கடையும் கழிப்பறையும் இருந்தால் ஓட்டுநர்கள் தாமே நிற்பார்கள். எச்சரிக்கைகள் தமிழில் மட்டும் இருந்தால் போதாது. தெலுங்கு, கன்னடம், இந்தி பேசும் ஓட்டுநரின் உயிரும் உயிர்தான். படிக்கத் தெரியாதவர்க்குப் படம் வேண்டும்.

ஐந்தாவது, தப்பும் பாதை. மேலை நாட்டு மலைச்சாலைகளில், பிரேக் இழந்த லாரி திரும்பி ஏறி நிற்பதற்கென்று ஓரத்தில் மேட்டுப் பாதை அமைத்து ஆழமாகச் சரளைக்கல்லை நிரப்பி வைக்கிறார்கள். சக்கரம் சரளையில் புதைந்து வண்டி நின்றுவிடும். லாரி சேதப்படும், முன்னால் போகும் குடும்பம் பிழைக்கும். மலைச்சரிவு தொடங்கும் ஒவ்வொரு நெடுஞ்சாலையிலும் இது கட்டாயமாக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வளைவை நேராக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. ஒரு வளைவை மட்டும் நேராக்கி அடுத்த வளைவை அப்படியே விட்டால், வண்டிகள் முன்னிலும் வேகமாக அடுத்த வளைவுக்கு வந்து சேரும். விபத்து ஒழியாது, முகவரி மாறும். ஆகவே இறக்கம் முழுவதையும் ஒரே கணக்காகப் பார்த்துத் திருத்த வேண்டும்.

மறுப்புகளுக்கு மறுமொழி

“பணம் எங்கே?” என்பார்கள். பலகையும் பொட்டும் புதர் வெட்டுவதும் பெரும்பணம் கேட்கும் வேலைகள் அல்ல. மேலும் நெடுஞ்சாலையில் போகும் ஒவ்வொரு லாரியும் சுங்கம் கட்டிவிட்டுத்தான் போகிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் “இன்னுயிர் காப்போம்” திட்டத்தைத் தமிழக அரசு 2021-இல் தொடங்கியது. அடிபட்டவனைக் காக்கச் செலவிடும் மனம் உள்ள அரசு, அடிபடாமல் காக்கச் செலவிடத் தயங்குமா? கேட்பார் கேட்டால் கிடைக்கும்.

“சட்டம் இருக்கிறதா?” என்பார்கள். இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, வகுக்கப்பட்ட தரத்தின்படி சாலையை வடிவமைக்காமலோ, கட்டாமலோ, பராமரிக்காமலோ விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பானவர்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்கிறது. சாலையும் குற்றவாளிக் கூண்டில் ஏறலாம் என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. நாம்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

“விபத்துப் பகுதிகளை அரசே கண்டறிந்து வைத்திருக்கிறதே!” என்பார்கள். உண்மை. தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைந்த ஐந்து விபத்துகள் நடந்தால், அல்லது பத்துப் பேர் மாண்டால், அது கரும்புள்ளி எனக் குறிக்கப்படுகிறது. பட்டியல் வேண்டியதுதான். ஆனால் அதன் பொருளை ஒரு கணம் நினையுங்கள். ஒரு வளைவு தன்னை நிரூபித்துக்கொள்ளப் பத்துப் பிணங்களைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டும்! ஆரம், சாய்வு, பார்வைத் தூரம் மூன்றையும் அளந்தால், முதல் உயிர் போகுமுன்பே அந்த வளைவு கொல்லுமா கொல்லாதா என்று காகிதத்தில் தெரிந்துவிடுமே! வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதா அறிவியல்?

நாம் என்ன செய்யலாம்?

“இதெல்லாம் பொறியாளர் வேலை, நமக்கென்ன?” என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. வளைவின் ஆரத்தை அளக்க ஒரு கயிறும் ஓர் அளவுகோலும் போதும். 20 மீட்டர் கயிற்றை எடுத்து, சாலையின் ஓரக் கோட்டின் இரு புள்ளிகளுக்கு இடையே இறுக்கிப் பிடியுங்கள். கயிற்றின் நடுவிலிருந்து சாலை ஓரம் வரை உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். கயிற்றின் நீளத்தின் வர்க்கத்தை, இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைத்துவிடும். இடைவெளி 22 சென்டிமீட்டர் என்றால் ஆரம் ஏறத்தாழ 227 மீட்டர். நாண், வில் பற்றிய வடிவ கணிதத்தை மதிப்பெண்ணுக்காகவே படித்தோம். அது உயிர் காக்கவும் உதவும்.

நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் முகாம் நடத்தி, மரம் நட்டு, கோயில் வளாகம் பெருக்கி வருகிறோம். அடுத்த முகாமை ஏன் சாலை அளக்கும் முகாமாக நடத்தக் கூடாது? காவல்துறையின் அனுமதியும் பாதுகாப்பும் பெற்று, பகல் வேளையில், வண்டி குறைந்த கிளைச் சாலைகளிலிருந்து தொடங்கலாம். இயற்பியல் மாணவர்கள் சாய்வையும் ஆரத்தையும் அளக்கட்டும். கணித மாணவர்கள் பத்திர வேகத்தைக் கணக்கிடட்டும். தாவரவியல் மாணவர்கள் எந்தப் புதரை வெட்டலாம், மண்ணைப் பிடித்து நிற்கும் எந்தச் செடியை விட வேண்டும் என்று சொல்லட்டும். தமிழ் மாணவர்கள் அதை மனுவாக எழுதட்டும். பொருளியல் மாணவர்கள் லாரி ஓட்டுநர்களைச் சந்தித்து அவர்களின் டீசல் கணக்கைக் கேட்டு எழுதட்டும். அளவுகளோடு கூடிய ஒரு மனு, கண்ணீரோடு கூடிய நூறு மனுக்களைவிட வலுவானது. கண்ணீரைத் துடைத்து அனுப்பிவிடலாம். எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். வட்ட இயக்கம் நடத்தும்போது கயிற்றில் கட்டிய கல்லை உதாரணம் சொல்கிறீர்கள். ஒருமுறை தொப்பூர் வளைவையும் சொல்லுங்கள். பாடம் மறக்காது, எங்களில் பலருக்கு அந்த வழியில் உறவினர்கள் போய்வருகிறார்கள்.

படித்தவன் பாட்டை மறந்தான் என்ற பழி என்னைப் போன்று வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள்மீது விழக் கூடாது. எங்கள் தந்தையர் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். “ஓட்டுநரின் கவனக்குறைவு” என்று எழுதப்படும் இடத்துக்குக் கீழே, “வளைவின் ஆரம் எவ்வளவு? சாய்வு எவ்வளவு? பார்வைத் தூரம் எவ்வளவு? எச்சரிக்கைப் பலகை இருந்ததா?” என்று நான்கு கேள்விகள் அச்சடிக்கப்படும் நாள் வரை கேட்டுக்கொண்டே இருப்பது எங்கள் கடமை.

மலையை இயற்கை படைத்தது. அதை நாம் குறை சொல்ல முடியாது. சாலையை மனிதன் போட்டான். மனிதன் போட்டதை மனிதன் திருத்தலாம். திருத்த வேண்டும். ஒரு வளைவில் தொடங்குவோம்!